ஆர்க்னியா, ஷெட்லாந்தா? மாதத்தையும் நாள்கணக்கையும் பார்த்து முடிவெடுங்கள்

ஸ்காட்லாந்தின் வடகரையைத் தாண்டினால் கடலில் இரண்டு தீவுக்கூட்டங்கள். அருகில் ஆர்க்னி, அதற்கும் வடகிழக்கே தொலைவில் ஷெட்லாந்து. இரண்டிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையான கல் கட்டுமானங்கள் உண்டு, பஃபின் பறவைகள் உண்டு, சீல்கள் உண்டு, மரமில்லாத மேடுகளும் ஓயாத காற்றும் உண்டு. 15ஆம் நூற்றாண்டு வரை இரண்டுமே நார்வே அரசின் கீழ் இருந்தன. தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசன் மூன்றாம் ஜேம்ஸுக்கு மணமுடித்தபோது, சீதனப் பணம் கையில் இல்லாத டென்மார்க்-நார்வே அரசன் 1468இல் ஆர்க்னியையும் 1469இல் ஷெட்லாந்தையும் அடகு வைத்தான். அடகு மீட்கப்படவே இல்லை. பயணத் திட்டம் போடுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பதற்கு இந்த ஒற்றுமைகள்தான் காரணம். எது கிடைத்தாலும் சரி என்று விமானச்சீட்டின் விலையை மட்டும் பார்த்து முன்பதிவு செய்துவிடுகிறார்கள்.

இரண்டு ஊர்களும் ஒன்றல்ல. ஆர்க்னிக்காரர் படகு வைத்திருக்கும் விவசாயி, ஷெட்லாந்துக்காரர் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் மீனவர் என்று அங்கேயே ஒரு பேச்சு உண்டு. ஆர்க்னி தாழ்வான பச்சைப் புல்வெளி, மாட்டுப் பண்ணைகள், வயலுக்கு நடுவே கற்காலச் சின்னங்கள். ஷெட்லாந்து கரிய புல்கரி (மட்கிய செடிகள் படிந்த ஈரமண்) நிலம், ஒடுங்கி நீண்ட கடற்கால்கள், செங்குத்துப் பாறைகள். தொன்மைக்காக முதலில் போக வேண்டியது ஆர்க்னி, உயிரினங்களுக்காக முதலில் போக வேண்டியது ஷெட்லாந்து. இது எங்கள் தீர்மானமான கருத்து. ஆனால் எந்த மாதம் போகிறீர்கள், கையில் எத்தனை நாள் இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்து இந்த முடிவையே மாற்றிவிடும்.

ஆர்க்னியின் கற்காலம்

பெருந்தீவின் பெயரே 'மெயின்லாந்து'. அதன் மேற்குப் பாதியில் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நான்கு இடங்கள் 1999 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக இருக்கின்றன: ஸ்காரா பிரே குடியிருப்பு, மேஸ்ஹோ கல்லறை, ஸ்டென்னஸ் கற்கள், பிராட்கர் கல்வட்டம். புதிய கற்கால மக்கள் எங்கே வாழ்ந்தார்கள், எங்கே கூடினார்கள், செத்தவர்களை எங்கே வைத்தார்கள் என்ற மூன்றையும் ஒரே நிலப்பரப்பில் நடந்து பார்க்கும் வாய்ப்பு வடக்கு ஐரோப்பாவில் அரிது.

ஸ்காரா பிரே 1850இல் வந்த புயல் மணல்மேட்டைக் கிழித்தபோது வெளிப்பட்டது. கி.மு. 3100 அளவில் தொடங்கி சுமார் 600 ஆண்டுகள் மக்கள் குடியிருந்த ஊர். மரம் கிடைக்காத இடம் என்பதால் கட்டில், அடுப்பங்கரை, சாமான் அடுக்கும் அலமாரி எல்லாமே கல்பலகை. தட்டையாகப் பிளக்கும் பாறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததும், பின்னர் மணல் மூடிக் காத்ததும்தான் இவ்வளவும் மிஞ்சியதற்குக் காரணம். வீடுகளுக்குள் இறங்க அனுமதி இல்லை, மேலே உள்ள பாதையிலிருந்து எட்டிப் பார்க்கலாம். உள்ளே நிற்கும் உணர்வு வேண்டுமென்றால் நுழைவிடத்தில் ஒரு மாதிரி வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். அதை முதலில் பார்த்துவிட்டுப் போனால் அசல் வீட்டில் எது எதற்கு என்று சட்டென்று புரியும். பலர் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இந்த நான்கு இடங்களில் திட்டமிடல் அதிகம் தேவைப்படுவது மேஸ்ஹோ. நேரம் குறித்த வழிகாட்டிச் சுற்றில்தான் பார்க்க முடியும். சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். ஸ்டென்னஸ் ஊரிலுள்ள வரவேற்பு மையத்திலிருந்து அவர்களுடைய பேருந்தில் கூட்டிப்போவார்கள், சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு நேரே நடந்து போக முடியாது. ஒரு சுற்றுக்குச் சிலரைத்தான் சேர்ப்பதால் கோடையில் சில நாள் முன்னதாகவே இடம் தீர்ந்துவிடும். உள்ளே போக சுமார் 10 மீட்டர் நீளச் சுரங்கத்தில் இடுப்பை வளைத்துக் குனிந்து செல்ல வேண்டும். முழங்கால் வலி, முதுகு வலி உள்ளவர்கள் இதை யோசித்து முடிவு செய்யுங்கள். உள்ளறைச் சுவரில் 12ஆம் நூற்றாண்டில் நார்ஸ்காரர்கள் (பழைய ஸ்காண்டிநேவிய மக்கள்) கீறிய முப்பதளவு ரூன் எனும் பழைய வடஐரோப்பிய எழுத்துப் பொறிப்புகள் இருக்கின்றன. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் வரும் வாரங்களில் மறையும் சூரியனின் கதிர் அந்தச் சுரங்கம் வழியே நுழைந்து பின்சுவரில் விழும்படி கட்டியிருக்கிறார்கள்.

கல்வட்டங்கள் இரண்டும் இலவசம், எந்த நேரமும் திறந்திருக்கும். பிராட்கர் வட்டத்தின் விட்டம் 104 மீட்டர், ஆதியில் 60 கற்கள் இருந்திருக்கலாம். ஸ்டென்னஸில் மிஞ்சியவை சிலவே என்றாலும் உயரமானது 6 மீட்டரை எட்டும். இரண்டுக்கும் இடையே ஒன்றரை கிலோமீட்டர் நடை. அந்த நிலக்கழுத்தில்தான் நெஸ் ஆஃப் பிராட்கர் அகழாய்வு இருபது ஆண்டுகள் நடந்தது. 2024இல் அது முடிந்து குழிகளை மண்ணிட்டு மூடிவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளைப் படித்து அதற்காகவே திட்டமிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆர்க்னிப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சொகுசுக் கப்பல்தான். ஆர்க்னியின் முக்கிய நகரான கிர்க்வாலின் துறைமுகத்துக்குக் கோடையில் பெரிய கப்பல்கள் தொடர்ந்து வருகின்றன. ஒரு பெரிய கப்பல் வந்த நாளில் காலை பத்தரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையே ஸ்காரா பிரேயில் பேருந்து வரிசை கட்டி நிற்கும். எந்த நாளில் எந்தக் கப்பல் என்ற அட்டவணையை ஆர்க்னி துறைமுகத் தளத்தில் முன்பே வெளியிடுகிறார்கள். அதைப் பார்த்துக் கப்பல் இல்லாத நாளை ஸ்காரா பிரேக்கு ஒதுக்குங்கள். முடியாவிட்டால் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கல்வட்டங்களை இரவு எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். ஜூனில் சூரியன் பத்தரை மணியளவில்தான் மறையும், அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் கற்களின் மேற்பரப்பு தெளிவாகத் தெரியும்.

கூட்டமே இல்லாத கல்லறைகளும் உண்டு. ஃபின்ஸ்டவுன் அருகே குவீன் மேட்டுக் கல்லறைக்குள் தவழ்ந்துதான் போக வேண்டும். டார்ச் கட்டாயம், மழை பெய்திருந்தால் முழங்கால் சேறாகும். மனித எலும்புகளோடு 24 நாய் மண்டையோடுகள் கிடைத்த இடம் அது. இன்னும் பழமை வேண்டுமென்றால் பாப்பா வெஸ்ட்ரே தீவின் 'நாப் ஆஃப் ஹோவர்' வீடுகள் ஸ்காரா பிரேக்கும் மூத்தவை. பக்கத்துத் தீவான வெஸ்ட்ரேயிலிருந்து அங்கே போகும் விமானம்தான் உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை, இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஷெட்லாந்தின் இரும்புக்காலமும் நார்ஸ்காலமும்

ஷெட்லாந்தில் தொன்மை குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே செழித்து நிற்பது வேறு காலம். புரோக் எனப்படும் வட்டக் கோபுரங்கள் இரும்புக்காலத்தவை: சாந்து இல்லாமல் அடுக்கிய இரட்டைச் சுவர், சுவர்களுக்கு நடுவே மேலேறும் படிக்கட்டு. இருப்பதிலேயே முழுமையானது மூசா தீவில் உள்ளது, 13 மீட்டர் உயரம், ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வயது. படியேறி உச்சி வரை போகலாம். ஆர்க்னியில் ரௌசே தீவின் மிட்ஹோ, மெயின்லாந்தின் குர்னஸ் ஆகிய புரோக்குகளைச் சுற்றி இருந்த ஊரமைப்பு தெரியும். ஆனால் கோபுரம் கோபுரமாகவே நிற்பதை மூசாவில்தான் பார்க்க முடியும்.

தென்முனையில் யார்ல்ஷோஃப். வெண்கலக்கால வீடுகள், புரோக்கின் மிச்சம், அதன் மேல் இரும்புக்கால வட்ட வீடுகள், அடுத்து நார்ஸ் நீள்வீடுகள், கடைசியில் 17ஆம் நூற்றாண்டு மாளிகையின் சுவர்கள் என்று நாலாயிரம் ஆண்டு ஒரே இடத்தில் அடுக்கடுக்காக இருக்கிறது. ஸ்காரா பிரேயில் எட்டிப் பார்ப்பதோடு சரி, இங்கே சுவர்களுக்கு நடுவே நடக்கலாம். ஒலி வழிகாட்டிக் கருவியைத் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தச் சுவர் எந்தக் காலம் என்று பிரித்துச் சொல்ல ஆளில்லாவிட்டால் எல்லாம் ஒரே கற்குவியலாகத்தான் தெரியும். ஷெட்லாந்தின் முக்கிய நகரான லெர்விக்குக்குள்ளேயே கிளிக்கிமின் புரோக் இலவசமாகத் திறந்திருக்கிறது, கப்பல் ஏறும் முன் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் அதற்குப் போதும்.

பறவைகளும் விலங்குகளும்

மாதம் இங்கேதான் குறுக்கிடுகிறது. பஃபின்கள் ஏப்ரலில் கரைக்கு வந்து ஜூலைக் கடைசி அல்லது ஆகஸ்ட் முதல் வாரத்தில் கடலுக்குத் திரும்பிவிடும். ஆகஸ்ட் நடுவில் விடுமுறை எடுத்துப் பஃபின் பார்க்க வருகிறவர்களுக்கு வெறும் பாறைதான் காத்திருக்கும். மே நடுவிலிருந்து ஜூலை நடுவரை உள்ள காலத்தை நம்புங்கள். பகலில் பல பறவைகள் மீன்பிடிக்கப் போயிருக்கும், மாலை ஆறு மணிக்கு மேல் பாறைமேட்டில் கூட்டம் கூடும்.

ஷெட்லாந்தின் சம்பரா முனை இதற்கு மிக வசதியான இடம். விமான நிலையத்துக்கும் யார்ல்ஷோஃபுக்கும் பக்கத்தில், கலங்கரை விளக்கத்தின் மதிலோரம் நின்றாலே சில மீட்டர் தூரத்தில் பஃபின் நிற்கும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருகிறவர்களுக்கு வேறு இடம் தேட வேண்டியதில்லை. ஆர்க்னியின் மெயின்லாந்தில் பஃபின் குறைவு. பிர்சே புரோ என்ற ஓதத் தீவின் கடற்பக்கப் பாறையில் கொஞ்சம் பார்க்கலாம், நிறையப் பார்க்க வெஸ்ட்ரே தீவின் கேஸில் ஓ பரியனுக்குப் படகேற வேண்டும். பிர்சே புரோவுக்குப் போகும் கல்பாதை கடல் வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டு மணி நேரம்தான் தெரியும். ஓத அட்டவணையைப் பார்க்காமல் போய் மறுபக்கம் மாட்டிக்கொண்டால் அடுத்த வற்றல் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஷெட்லாந்தைத் தனித்து நிறுத்துவது மூசாவின் இரவு. சுமார் 25 கிராம் எடையுள்ள ஸ்டார்ம் பெட்ரல் என்ற கடற்பறவை, பெரிய கடற்காகங்களுக்கு இரையாகாமல் இருக்க இருட்டிய பிறகே கரைக்கு வரும். ஆயிரக்கணக்கான இணைகள் கடற்கரைக் கற்களுக்கு இடையிலும் புரோக்கின் சுவரிடுக்குகளிலும் கூடு வைக்கின்றன. மே கடைசி முதல் ஜூலை நடுவரை குறிப்பிட்ட இரவுகளில் சாண்ட்விக்கிலிருந்து படகு போகிறது. இரும்புக்காலச் சுவருக்குள்ளிருந்து பறவைகள் முனகும் சத்தம் வருவதை வேறெங்கும் கேட்க முடியாது, தொன்மையும் உயிரினமும் அப்படியே ஒன்றாகும் இடம் அது. இடங்கள் குறைவு என்பதால் விமானச்சீட்டுக்கு முன் இதை முன்பதிவு செய்யுங்கள். காற்று பலமாக இருந்தால் படகு ரத்தாகும். ஆகவே ஷெட்லாந்தில் இருக்கும் நாட்களின் தொடக்கத்தில் இதை வைத்தால், மாற்று இரவு கேட்க வழி இருக்கும். ஃபிளாஷ் கூடாது.

ஷெட்லாந்தின் அன்ஸ்ட் தீவிலுள்ள ஹெர்மனெஸ் காப்பகத்தில் கேனட் பறவைகள் பாறை முழுதும் வெள்ளையாக அப்பியிருக்கும். போய்வர மூன்று மணி நேர நடை. வழியில் கிரேட் ஸ்குவா என்ற பெரிய கடற்பறவை கூடு கட்டும் மேடு வரும். கூட்டை நெருங்கினால் தலையைக் குறிவைத்துப் பாயும், கையையோ தடியையோ தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே நடந்தால் போதும். 2022இல் பரவிய பறவைக் காய்ச்சல் ஸ்குவாக்களையும் கேனட்களையும் கடுமையாகக் கொன்றது, ஸ்குவாவின் எண்ணிக்கை இன்னும் மீளவில்லை. செத்த பறவையைத் தொடாதீர்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்.

ஷெட்லாந்தின் நீர்நாய்கள் பகலிலேயே கடலோரத்தில் இரை தேடும். கடல் உப்பு ரோமத்தில் படிந்தால் குளிர் தாங்காது என்பதால் அவை நன்னீரில் அலசிக்கொண்டே ஆக வேண்டும், எனவே கரையை ஒட்டிச் சிறு ஓடையோ குட்டையோ உள்ள இடமாகப் பாருங்கள். யெல் தீவின் கரைகள் பேர்பெற்றவை. காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாக நில்லுங்கள். நீர்நாய் முங்கியிருக்கும் இருபது முப்பது நொடியில் நகருங்கள், தலை தூக்கியதும் அசையாமல் உறைந்து நில்லுங்கள். ஓர்க்கா திமிங்கிலங்கள் சீல்களைத் தேடிக் கரையோரமாகவே சுற்றும். அதற்கென்று திட்டம் போட முடியாது. எங்கே தென்பட்டது என்று ஷெட்லாந்து மக்கள் ஃபேஸ்புக் குழுவில் உடனுக்குடன் போடுகிறார்கள், கார் இருந்தால் அதைப் பார்த்து விரையலாம்.

ஆர்க்னியின் உயிரினங்களைத் தாழ்த்திச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே மட்டும் வாழும் ஆர்க்னி வோல் என்ற வயலெலி பிரிட்டனின் பெருநிலத்தில் கிடையாது. ஐயாயிரம் ஆண்டுக்கு முன் ஐரோப்பாவிலிருந்து வந்த விவசாயிகளோடு, அதாவது அந்தக் கல்வட்டங்களைக் கட்டிய சமூகத்தோடு, வந்து சேர்ந்த உயிர் அது. அதை வேட்டையாடும் குட்டைச்செவி ஆந்தையும் ஹென் ஹாரியர் பருந்தும் பட்டப்பகலில் வயலுக்கு மேல் தாழப் பறப்பதைச் சாலையிலிருந்தே காணலாம். 2010இல் முதலில் தென்பட்ட ஸ்டோட் என்ற கீரியொத்த பிராணி இந்த வோலையும் தரையில் முட்டையிடும் பறவைகளையும் அழிக்கத் தொடங்கியதால், தீவெங்கும் பொறி வைத்து அதைப் பிடிக்கிறார்கள். வேலியோரம் மரப்பெட்டி தெரிந்தால் அது அந்தப் பொறிதான், கை வைக்காதீர்கள். அக்டோபர், நவம்பரில் சாம்பல் சீல் குட்டிகள் பிறக்கும் காலம். ஆகஸ்டுக்குப் பின் வருகிறவர்களுக்கு ஆர்க்னியே மேல் என்று சொல்ல இதுவும் ஒரு காரணம்.

போகும் வழி, ஆகும் நாள்

ஆர்க்னிக்கு ஸ்காட்லாந்தின் வடகரையிலுள்ள ஸ்கிராப்ஸ்டரிலிருந்து ஸ்ட்ரோம்னஸுக்குக் கப்பல், ஒன்றரை மணி நேரம். வழியில் 137 மீட்டர் உயரமுள்ள 'ஓல்ட் மேன் ஆஃப் ஹோய்' பாறைத்தூண் அருகே போகும், கடல் கொந்தளித்தால் வேறு பக்கமாகச் சுற்றிவிடும். கார் இல்லாதவர்கள் இன்வெர்னஸிலிருந்து, ஸ்கிராப்ஸ்டருக்குப் பக்கத்திலுள்ள தர்சோவுக்கு ரயிலேறலாம், நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கார் உள்ளவர்களுக்கு கில்ஸ் பே வழியும் இருக்கிறது, சுமார் ஒரு மணி நேரத்துக் கடல்.

ஷெட்லாந்துக்கு அபர்டீனிலிருந்து இரவுக் கப்பல். நேரே போகும் நாளில் மாலை ஏழுக்கும், கிர்க்வாலைத் தொட்டுப் போகும் நாளில் ஐந்துக்கும் புறப்பட்டுக் காலை ஏழரைக்கு லெர்விக். கோடையில் அறைகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துபோகும். ஃபேர் தீவுக்கும் சம்பராவுக்கும் இடையே கடல் குலுக்கும். குமட்டல் மாத்திரையைக் குலுக்கல் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை, ஏறும் முன்பே போடுங்கள். விமானம் இரண்டு தீவுக்கும் உண்டு. சம்பராவில் கோடை மூடுபனி வந்தால் ஒரு நாள் முழுக்க விமானம் இறங்காமல் போகலாம். ஊர் திரும்பும் சர்வதேச விமானத்துக்கும் சம்பராவிலிருந்து கிளம்புவதற்கும் இடையே ஒரு முழு நாள் விடுவது அவசியம்.

தீவுக்குள் ஆர்க்னி சிறியது. கிர்க்வாலில் தங்கினால் ஸ்ட்ரோம்னஸ் 24 கிலோமீட்டர்தான், இடையே எக்ஸ்1 பேருந்து ஓடுகிறது. கார் இல்லாமலும் முக்கிய இடங்களைச் சமாளிக்கலாம். ஷெட்லாந்தில் கார் இல்லாவிட்டால் பாதியை விட்டுவிட வேண்டும். லெர்விக்கிலிருந்து ஹெர்மனெஸ் போக இரண்டு சிறு கப்பல் மாற வேண்டும், போய்வருவதே ஒரு நாள். அன்ஸ்டில் ஓர் இரவு தங்கினால்தான் நிம்மதி. வாடகைக் கார் இரு தீவிலும் குறைவான எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஒற்றைத் தடச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடத்தில் நின்று வழிவிட வேண்டும், அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் படமெடுக்கப் போவதுதான் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரவைக்கும். ஆர்க்னியின் ரௌசே கப்பலில் காரைப் பின்னோக்கி ஓட்டி ஏற்ற வேண்டும், பழக்கமில்லாதவர்கள் காரைக் கரையிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளோடு போகலாம்.

இன்வெர்னஸிலிருந்து ஒரே நாளில் ஆர்க்னி போய்வரும் பேருந்துச் சுற்றுகளைப் பரிந்துரைக்க மாட்டோம். பாதிக்கு மேல் நேரம் சாலையிலும் கடலிலும் போய்விடும், மேஸ்ஹோ பெரும்பாலும் விடுபடும்.

மூன்று நான்கு நாள்தான் இருக்கிறது என்றால் எந்த மாதமானாலும் ஆர்க்னி. ஜூனில் ஒரு வாரம் இருந்து, பறவையும் நீர்நாயும்தான் மனதில் என்றால் யோசிக்காமல் ஷெட்லாந்து. ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு மீண்டும் ஆர்க்னி. ஜனவரியில் போகிறவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: அந்த மாதக் கடைசிச் செவ்வாயன்று லெர்விக்கில் 'அப் ஹெல்லி ஆ' தீப்பந்தத் திருவிழா, நகரில் அறை கிடைப்பது மிகக் கடினம்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் குறைந்தது ஒன்பது பத்து நாள் வேண்டும். ஸ்கிராப்ஸ்டர் வழியே ஆர்க்னியில் இறங்கி நான்கு நாள், பிறகு கிர்க்வாலிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் கப்பலில் லெர்விக், அங்கே ஐந்து நாள், திரும்ப இரவுக் கப்பலில் அபர்டீன். போன வழியே திரும்ப வேண்டியதில்லை. கிர்க்வால்–லெர்விக் கப்பல் வாரத்தில் சில இரவுகளே ஓடுவதால், மூசா இரவுப் படகின் தேதியை முதலில் பிடியுங்கள், அதற்கு ஒத்துவரும் கப்பல் இரவை அடுத்து, வாடகைக் காரை அதற்கடுத்து, மேஸ்ஹோவைப் பிறகு. தங்குமிடம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், கப்பல் உறுதியான அன்றே அதையும் முடித்துவிடுங்கள். அன்ஸ்ட், வெஸ்ட்ரே போன்ற வெளித்தீவுகளில் விடுதிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், ஞாயிற்றுக்கிழமை கடையும் பேருந்தும் குறைவு. சைவம் சாப்பிடுகிறவர்கள் கிர்க்வாலிலோ லெர்விக்கிலோ இரண்டு நாளுக்கான சாமானை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.